ஷூ கிழக்கே, நாங்கள் மேற்கே: முதல் மலையேற்றத்துக்கு என்ன போட்டுக்கொள்வது?

முதல்முறை மலை ஏறப்போகிறவர் காலில் என்ன போட்டுக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்வியோடு மூன்று வாரம் கடைகளிலும் இணையத்திலும் அலைந்தேன். பிறகு ஒரு மலையில் ஏறி இறங்கியும் விட்டேன். இன்னும் பதில் தெரியாது. தெரிந்த தோரணையில் எழுதப்பட்ட பதிவுகளைப் படித்துத்தான் நான் அதிகம் குழம்பினேன். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். உங்களுக்கு ஏதாவது தெளிந்தால் நல்லது.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். என் கணவரின் அக்கா வேதவல்லிக்கு ஐம்பத்தேழு வயது. தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் தனியாக இருக்கிறார். வைணவர்களின் நூற்றெட்டு திவ்ய தேசங்களில் இரண்டு இந்தப் பூமியில் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. மீதி நூற்றாறில் நூற்றைந்தை அக்கா சேவித்துவிட்டார். பாக்கி இருப்பது ஒன்றே ஒன்று, நேபாளத்து முக்திநாத். அவர் அதைச் சாளக்கிராமம் என்பார். நானோ கோயில் குளம் என்று அலைகிறவள் இல்லை. ஆனால் ஐம்பது வயதாவதற்குள் இமயமலையில் ஒருமுறை நடக்க வேண்டும் என்று ஆசை. எனக்குக் கோயில் வேண்டாம், நடை போதும். அவருக்கு நடை வேண்டாம், கோயில் போதும். ஏப்ரலில் நடந்தே முக்திநாத் போகும் ஒரு குழுவை நான் கண்டுபிடித்தபோது இருவருக்கும் வேண்டியது ஒன்றாகக் கிடைத்ததாக நினைத்தோம்.

அங்கே ஜீப் போகிறதே, அதில் போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம். ஆனால் அக்கா தனியாகப் போகமாட்டார். தம்பிக்கு, அதாவது என் கணவருக்கு, முழங்கால் சரியில்லை. அக்காவின் மகன் வெளிநாட்டில். ஜீப்பில் போகும் குழுவோடு போக எனக்கு விருப்பமில்லை. இது என் சுயநலம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

சிக்கல் அந்தக் குழுவின் பதிவுப் படிவத்தில் வந்தது. கணுக்காலை மூடும் பூட்ஸ் கட்டாயம், இல்லாதவர்களைச் சேர்க்க முடியாது, பூட்ஸை அங்கே வாடகைக்குத் தருவோம், காலணி அளவை ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்குள் எழுதி அனுப்புங்கள் என்றது. அக்கா பிறந்ததிலிருந்து மூடிய காலணி போட்டதில்லை. பெருமாள் இருக்கும் மலையில் செருப்பே போடமாட்டார். பெருமாளாகவே வணங்கும் சாளக்கிராமக் கல் அந்தப் பக்கத்து ஆற்றங்கரையில்தான் கிடைக்கிறது என்பதால் அவருக்கு அந்த மண்ணே பூஜை அறை.

படிவத்தை நான் படித்துக் காட்டியதும், "பூட்ஸைப் போட்டுண்டு சாளக்கிராமத்து மேல நடக்கச் சொல்றாளா?" என்று மட்டும் கேட்டார்.

 படிவம் அனுப்பும் கெடுவுக்கு முதல்நாள் சனிக்கிழமை பக்கத்தில் ஒரு மலையில் ஏறிப் பார்ப்போம், ஷூ போட்டு நடக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன். முசிறிக்கு அப்பால் உள்ள வரதமலை. உச்சியில் பெருமாள் கோயில் இருக்கிறது என்பதால் அவரும், நடக்க ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதால் நானும் ஒப்புக்கொண்டோம்.

இணையத்தில் கிடைத்த பொருட்பட்டியல் ஒன்றில் இருபத்தேழு பொருள்கள் இருந்தன. பருத்தி கூடவே கூடாது, வியர்த்தால் காயாது என்றது முதல் வரி. மலைக்கோட்டைக்குக் கீழே பெரியகடை வீதியில் நான் கேட்ட மூன்று கடைகளிலும் பருத்தியைத் தவிர வேறு எதையும் எடுத்துக் காட்டவே மனமில்லை. திருச்சி வெயிலில் பாலியஸ்டரா என்று ஒரு விற்பனைப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஷூ கடைக்காரர் வேறு மாதிரி. மலையேற்ற ஷூ என்றதும் உற்சாகமாகி, மணாலியா, குலுவா என்றார். முசிறிப் பக்கம் என்றேன். கையில் எடுத்த ஷூவைக் கீழே வைத்துவிட்டு, "முசிறிக்கு இது ஜாஸ்தி மேடம்" என்றார். நேர்மையானவர் என்று நினைத்து அவரிடமே வாங்கினேன். எனக்கு 3,250 ரூபாய்க்கு ஒரு ஜோடி, அக்காவுக்கு உத்தேச அளவில் 850 ரூபாய்க்கு ஒரு கான்வாஸ் ஜோடி. பட்டியலில் இருந்ததால் கம்பளிக் காலுறையும் இரண்டு ஜோடி. பிப்ரவரி வெயிலில் கம்பளி எதற்கு என்று கடைக்காரரும் கேட்டார், நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். பட்டியலில் மிச்சமிருந்த விசில், தலைவிளக்கு, மழைச் சட்டை எதையும் விடாமல் வாங்கினேன். நிரம்பிய பை, மூன்று லிட்டர் தண்ணீரோடு வீட்டுத் தராசில் ஏழு கிலோ நானூறு காட்டியது.

சனிக்கிழமை காலை 5.20-க்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி வண்டி ஏறினேன். கட்டணம் 35 ரூபாய். அக்கா நம்பர் ஒன் டோல்கேட்டில் ஏறிக்கொண்டார். அவரைப் பார்த்ததும் எனக்கு முதல் குழப்பம். ஒன்பது கஜப் புடவையை மடிசாராகக் கட்டியிருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் மூடியில் கொக்கி போட்ட எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை, ஒரு சொம்பு, ஒரு லிட்டர் தண்ணீர், துளசி. எடை இரண்டு கிலோ இருந்தால் அதிகம். நான் பாலியஸ்டர் சட்டையும் பருத்தி சுடிதார் கால்சட்டையும் போட்டிருந்தேன். பட்டியல், கடைகள் என்ற இரண்டு தரப்பையும் விட்டுக்கொடுக்காமல் ஆளுக்குப் பாதி பேச்சைக் கேட்டதன் விளைவு அது.

"ஏதோ சண்டைக்குப் போற மாதிரி வந்திருக்கே" என்றார் அக்கா, என் பையைப் பார்த்து. குணசீலம் பெருமாள் கோயில் பக்கம் வந்ததும் எழுந்து நின்று ஜன்னல் வழியே கைகூப்பினார். பிறகு முசிறி வரை தூங்கினார்.

முசிறியில் 6.45-க்கு இறங்கி, டிபன் முடித்து, 7.05 டவுன் பஸ்ஸில் 24 கிலோமீட்டர் போனோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இறங்கும் இடத்திலிருந்து மலையடிவாரம் ஒன்றரைக் கிலோமீட்டர் மண்சாலை. அக்காவை ஒரு மைல்கல்லில் உட்காரவைத்து கான்வாஸ் ஷூவைப் போட்டுவிட்டேன். கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் கழன்றுவிடவில்லை. ஒன்றரைக் கிலோமீட்டரும் நடந்தார். வாய்க்காலைத் தாண்டுகிறவர் போல ஒவ்வோர் அடியையும் உயர்த்தி வைத்தார், ஆனால் நடந்தார். பாதிப் படிவம் நிரம்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் ஓர் ஆஞ்சநேயர் சன்னதி. அதன் பக்கத்து வேப்பமரத்தடியில் நாற்பது ஐம்பது ஜோடிச் செருப்புகள் கிடந்தன. அக்கா அதைப் பார்த்தார். கீழே உட்கார்ந்து ஷூவின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அக்கா, இதற்காகத்தானே வந்தோம் என்றேன். இது படிக்கட்டு இல்லை, மேலே வெறும் பாறை, முள் இருக்கும் என்றேன். எதற்கும் அவர் நிமிரவில்லை. "மலையே அவர்தான். அவர் மேலயே ஏறிண்டு, அவரைப் பாக்கப் போறேன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

நான் கழற்றுவதாக இல்லை. மலை என்பது பாறை, பாறைக்கு ரப்பர் அடிப்பாகம் நல்லது என்பதுதான் என் கட்சி. அங்கே பானையில் மோர் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், ஷூவோடு ஏறினால் யாராவது ஏதாவது சொல்வார்களா என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, தாராளமா போங்க," என்றார் அவர். "பார்ப்பாங்க, அவ்வளவுதான்."

பக்தியால் கழற்றினேன் என்று சொன்னால் பொய். பார்ப்பாங்க என்ற ஒரு சொல்லுக்காகக் கழற்றினேன். பட்டியல், கடைக்காரர், மூன்று வாரத்துப் படிப்பு எல்லாவற்றையும் ஒரு மோர்க்காரம்மா இரண்டு வாக்கியத்தில் முடித்துவைத்தார். இரண்டு ஜோடியையும் வேப்பமரத்தடியில் ஓரமாக வைத்துவிட்டு 8.35-க்கு ஏற ஆரம்பித்தோம்.

முதலில் அறுநூற்றுச் சொச்சம் படிகள். பிறகு மூன்றரைக் கிலோமீட்டர் பாறையும் ஒற்றையடிப் பாதையும். இங்கே இரண்டாவது குழப்பம். வெறுங்கால் நன்றாக இருந்தது. கிழக்குச் சரிவு காலையில் குளிர்ச்சியாக இருக்கிறது, சரிவான பாறையில் பாதம் ஒட்டிக்கொள்கிறது, விரல்கள் தாமாகவே பிடிமானம் தேடுகின்றன. நான் வழுக்கவே இல்லை. வழியில் ஷூ போட்ட இரண்டு கல்லூரி மாணவர்கள் வழுக்கி உட்கார்ந்ததையும் பார்த்தேன். அக்கா என்னை முந்திப் போய், நிழல் வரும் இடங்களில் நின்று காத்திருந்தார். மடிசார் அவருக்குக் கால்சட்டை மாதிரியே உதவியது. முட்புதர் வந்தபோது மட்டும் இரண்டு இடத்தில் கிழிந்தது. என் பருத்திக் கால்சட்டை ஒன்பதரை மணிக்குள் நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. பாலியஸ்டர் சட்டை காய்ந்தது, ஆனால் நாறியது.

பாதி வழியில் குரங்குகள். என் பையின் பக்கவாட்டு வலையில் இருந்த சத்துணவுக் கட்டிகள் ஐந்தையும் ஒரே குரங்கு உருவிக்கொண்டு, என் எதிரிலேயே உறையைப் பிரித்தது. அக்காவின் டப்பாவை இன்னொன்று எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொக்கியைத் திறக்கத் தெரியாமல் கீழே போட்டது. அன்று மதியம் இருவரும் புளியோதரைதான் சாப்பிட்டோம்.

11.20-க்கு உச்சி. ஏற்றம் 610 மீட்டர் என்று கைப்பேசி காட்டியது. சன்னதி சின்னது, ஐந்து பேர் நின்றால் நிறைந்துவிடும். அக்கா வெகுநேரம் உள்ளே இருந்தார். நான் வெளியே காற்றில் உட்கார்ந்திருந்தேன். ஈரமான கால்சட்டையில் மலைக்காற்று பட்டுத் திருச்சிக்காரிக்குப் பிப்ரவரியில் நடுங்கியது. பருத்தி பற்றிப் பட்டியல் சொன்னது அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் உண்மை.

12.15-க்கு இறங்கத் தொடங்கினோம். இங்கேதான் எங்கள் தவறு. அந்த மலையில் சேவித்தவர்கள் ஏறிய வழியே இறங்குவதில்லை. கிழக்கே ஏறி மேற்கே இறங்குவது வழக்கம். தொட்டியத்திலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் மேற்குப் பாதையில் இறங்கியது. அக்கா விசாரித்துவிட்டு, அப்படித்தான் இறங்கணுமாம் என்று அவர்கள் பின்னால் நடந்தார். நானும் நடந்தேன். அரை மணி கழித்து, அந்தக் குடும்பத்துத் தமிழ்ச்செல்வி என்ற பெண் எங்கள் வேன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. வழக்கம் தெரிந்தவர்கள் செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு ஏறுகிறார்கள். வேன் மலையைச் சுற்றி மேற்கே வந்து நிற்கும். வேப்பமரத்தடியில் கிடந்தவை, வந்த வழியே திரும்பும் உள்ளூர்க்காரர்களுடையவை. பஸ்ஸில் வந்து, மரத்தடியில் விட்டுவிட்டு, மேற்கே இறங்கியவர்கள் அன்று நாங்கள் இருவர் மட்டும்.

திரும்பி ஏறவும் தெம்பில்லை. மேற்குச் சரிவில் ஒரு மணி வெயில். பாறை தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. காலையில் நன்றாக இருந்த அதே வெறுங்கால் இப்போது ஓரடி வைக்க முடியாமல் துடித்தது. புல் இருக்கும் திட்டுகளைத் தேடித் தாவினோம். அக்காவின் இடது குதிகாலில் கொப்புளம் கிளம்பி உடைந்தது.  பாறையில் ஈரத் தடம் தெரிவதை நான்தான் பார்த்தேன். பாறை நிழல் ஒன்றில் அவரை உட்காரவைத்தேன். இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. இவரை இமயமலைக்கு அழைத்துப்போக நினைத்த என் புத்தியை என்ன சொல்வது என்றிருந்தது.

பையைக் கொட்டித் தேடினேன். கம்பளிக் காலுறைகள் வந்தன.

"என்னத்துல பண்ணினது?" என்று கேட்டார் அக்கா.

உறையைப் படித்தேன். கம்பளி எழுபது, நைலான் முப்பது.

அவர் யோசித்தார். நான் காத்திருந்தேன். தமிழ்ச்செல்வியும் அவர் கணவரும் கூட நின்றுவிட்டார்கள்.

"கம்பளிக்கு விழுப்பு கிடையாது," என்றார் கடைசியில். அதாவது கம்பளியைத் தீட்டு தொடாது என்பது அவர்கள் ஆசாரம். "நைலானுக்கு எவனும் சாஸ்திரம் எழுதலை. குடு."

தமிழ்ச்செல்வியின் கணவர் தயங்கிக்கொண்டே, சாமி கோவிச்சுக்காதுங்களாம்மா என்று கேட்டார்.

"என் கால் வெந்தா மட்டும் சந்தோஷப்படுவாரா?" என்றார் அக்கா, காலுறையை இழுத்துவிட்டபடி. மற்ற ஜோடியை நான் போட்டுக்கொண்டேன்.

காலையில் கான்வாஸ் ஷூவுக்கு மறுத்தவர் மதியம் நைலானுக்கு ஒப்புகிறார் என்றால் விதி எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "ஏறும்போதும் கேக்காதே, இறங்கும்போதும் கேக்காதே. ஆத்துக்குப் போய்க் கேளு" என்றார். மேற்கு அடிவாரத்தை 3.40-க்குத் தொட்டபோது காலுறைகளில் பாதிக்குப் பாதி ஒட்டுப்புல்லும் ஓட்டையும்தான். தமிழ்ச்செல்வி வீட்டார் வேனில் எங்களைத் தொட்டியம் வரை கொண்டுவிட்டார்கள். திருச்சி பஸ்ஸில் நடத்துனர் எங்கள் கால்களைப் பார்த்து, செருப்பு அறுந்துடுச்சாம்மா என்றார். இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் டிக்கெட் கொடுத்தார். தலைக்கு 50 ரூபாய்.

இனி ஆலோசனை. தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். ஏறப்போவது கோயில் மலையா என்று முதலில் விசாரியுங்கள். ஆமென்றால் எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது வழக்கம் என்பதையும் விசாரியுங்கள். அது எந்தப் பொருட்பட்டியலிலும் இருக்காது. செருப்பைக் கழற்றினாலும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மரத்தடியில் விடாதீர்கள். இதற்காகவாவது பை சின்னதாக இருக்கக் கூடாது. ஆனால் என்னுடையதைப் போல ஏழு கிலோவும் கூடாது. கம்பளிக் காலுறை வெயில் காலத்திலும் இருக்கட்டும். உணவை எவர்சில்வரில், கொக்கியோடு கொண்டுபோங்கள். மேலேயும் கீழேயும் பாலியஸ்டரே போட்டுக்கொண்டு, நாற்றத்தைச் சகித்துக்கொள்ளுங்கள். புடவையில் ஏற முடியுமா என்று கேட்கும் தோழிகளுக்கு: மடிசார் கட்டத் தெரிந்தால் முடியும். எனக்குத் தெரியாது. ஷூவா வெறுங்காலா என்ற கேள்விக்கு, ஏற்றத்தில் வெறுங்காலும் இறக்கத்தில் ஷூவும் என்று எழுதத் தோன்றுகிறது. வேறு மலையில், வேறு நேரத்தில் அதுவே தலைகீழாகலாம். என் 3,250 ரூபாய் ஷூவோடு நான் ஒரு மலையும் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது.

காலையில் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அக்காவின் பெயரைப் படிவத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், அதை அவருக்கு வலிக்காமல் சொல்ல வேண்டும். நான் மட்டும் போகலாமா என்று தெரியவில்லை. மதியம் வரை சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கு அவரே ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இடது குதிகாலில் கட்டு. வந்ததும் காபிகூட வேண்டாம் என்று, தம்பியிடம் உன் நடைப்பயிற்சி ஷூவை எடு என்றார். அவர் எடுத்துக் கொடுத்தார். வலது ஷூவில் ஒரு துணியையும், கட்டுப்போட்ட இடது காலுக்கு இன்னொரு துணியையும் வைத்துத் திணித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

நாங்களும் பின்னால் போனோம். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பத்துச் சுற்றுக்குப் பிறகு கையை எடுத்துவிட்டார். இருபதாவது சுற்றில் ஒருமுறை நின்று, கால் மாற்றி ஊன்றி, மறுபடி தொடர்ந்தார். வலிச்சா விடேன் என்றார் என் கணவர். அக்கா அடுத்த சுற்றைத் தொடங்கினார். ஐந்தே முக்கால் வரை நடந்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அழுத்தறது. ஆனா நடக்க முடியறது" என்றார்.

சாளக்கிராமத்தின் மேல் பூட்ஸோடு நடப்பது சரியா என்று அவர் கேட்ட கேள்வியை இப்போது நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

"கோயில் வாசல் வரைக்கும் போட்டுப்பேன். வாசல்ல கழட்டிடுவேன். நடுவுல இருக்கற மலைகிட்ட நான் பேசிக்கறேன். நீ படிவத்தை அனுப்பு."

ஒரு பழைய செய்தித்தாளில் அவரை நிற்கவைத்து, என் கணவர் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்தார். பெருவிரலிலிருந்து குதிகால் கட்டு வரை அளந்து, கட்டின் கனத்தைக் கழித்தோம். மாலை 6.10-க்குப் படிவத்தை அனுப்பினேன். காலணி அளவு: அவருக்கு ஆறு, எனக்கு ஐந்து.